பசளை காணாது

காரில் ஏறி, கண்ணாடிகளை மேலே ஏற்றி, சேர்ட் கொலரைச் சரிசெய்து, முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்த பிறகுதான் அருள்நாயகம் கைபேசி வழியாக வானொலியில் பேசத் தொடங்குவார். கார் எங்கேயும் போகாது. கனடாவின் ஸ்காபுறோவில் தன் சொந்த வீட்டு ட்றைவ்வேயிலேயே நிற்கும். வீட்டுக்குள் இருந்து பேசினால் குக்கர் விசிலடிக்கும், தொலைக்காட்சி அலறும், மனைவி புனிதவதி வேண்டுமென்றே அலுமாரிக் கதவை அடித்துச் சாத்துவாள் என்பது அவர் கட்சி. வானொலியில் யார் உங்கள் முகத்தைப் பார்க்கப்போகிறார்கள், அதற்கேன் கொலரும் கண்ணாடியும் என்று அவள் ஒருநாள் கேட்டாள். "குரலிலை தெரியுமப்பா. பெனியனோடை கதைச்சால் பெனியன் குரல்தான் வரும்" என்றார்.

ஞாயிறு காலை வரும் அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் 'வீட்டுத் தோட்டம்'. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் செடிகொடிகளின் நோவைச் சொல்வார்கள். அருள்நாயகம் மருந்து சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு, இடையிடையே "ம்... ம்..." என்று இழுத்து, கேள்வியை முழுதாகக் கேட்பார். கேட்பதில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை.

"அங்கிள், நான் பிறம்ரனிலை இருந்து ரிஸ்மியா கதைக்கிறன். என்ரை மிளகாய்க் கண்டெல்லாம் இலை சுருண்டு போய் நிக்குது."

"ம்... பசளை காணாது, பிள்ளை." உரம் போதாது என்கிறார்.

மிசிசாகாவில் ஒருவருடைய கறிவேப்பிலை இலை கொட்டுகிறது. பசளை காணாது. பார்க்டேலில், பதினோராம் மாடிப் பல்கனியில், ஓர் அன்ரியின் தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது. பசளை காணாது. மருத்துவ நிகழ்ச்சி என்று நினைத்து மாறி அழைத்த ஒரு மனிதர், நாற்பது வயதிலேயே தலைமயிர் கொட்டுகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அருள்நாயகம் அவருக்கும் அதையே சொன்னார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்ன செய்தாரோ, தலையில் என்னத்தைப் போட்டாரோ, தெரியாது.

இந்த ஒற்றை மருந்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. "நான் ஊரிலை விவசாயத்திலை இருந்தனான்" என்றுதான் அவர் தன்னை அறிமுகப்படுத்துவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பசளைக் கடையில் அவர் விற்பனையாளர். வெங்காயம் அழுகுகிறது என்று வந்தவனும் புகையிலையில் புழு என்று வந்தவனும் அவரிடமிருந்து ஒரு பை பசளையோடுதான் திரும்பிப் போவான். கடையில் வேறொன்றும் இருக்கவில்லை. கனடாவுக்கு வந்த பிறகு விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கி, முதுகு முறிய உழைத்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அந்த வருசம் அவர் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில் உள்ள பழைய சோபாவில் போய் இருந்தார், இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். புனிதவதி இப்போதும் அந்தச் சோபாப் பக்கம் போகமாட்டாள். வானொலிக்காரர் யாரோ சொல்லிக் கூப்பிட்டு, அவர் மறுபடி சேர்ட் அயன் பண்ணச் சொன்ன நாளில் அவள் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். இன்றைக்குக் கடையிலோ கோயிலிலோ நாலு பேர் "தோட்டத்து அங்கிள்" என்று கும்பிட்டால் அவர் தலை தானாகவே நிமிரும். அந்தப் பெயர்தான் அவரை மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்தது.

அவர் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், இந்த அள்ளிப்போடும் குணம் பசளையோடு மட்டும் நிற்பதில்லை. விருந்துக்கு வந்தவர் போதும் என்றால் அருள்நாயகத்துக்கு அது காதில் விழாது. சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை விரித்துத் தடுத்தால், விரலிடுக்கில் குழம்பை ஊற்றுவார். "உதென்ன சாப்பாடு, குருவி கொத்தின மாதிரி!" என்று இன்னொரு அகப்பை. செடிக்கும் அதே உபசாரம்தான். காலையில் யூரியா, பின்னேரம் மீன்கரைசல், வார இறுதியில் கடையிலிருந்து புதிதாக வந்த ஏதோ ஒரு நீலத் தூள். பாவம், செடிக்குக் கையை விரித்துத் தடுக்கவும் வழியில்லை.

பின்வளவில் பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் நிழல் விழுவதால் தோட்டம் வீட்டுக்கு முன்னால், ட்றைவ்வேயின் கரையோடு கரையாக ஓடுகிறது. பாவக்காய்க்குப் பந்தல், அதன் காலடியில் கத்தரி, மிளகாய், தக்காளி. கொத்துவது, களை பிடுங்குவது, கண்டு நடுவது எல்லாம் புனிதவதி. பசளை போடுவதும் விளக்கம் சொல்வதும் அவர். கோடையில் தெருவால் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருகாலத்தில் பார்த்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

மாரி வந்தால் அதே கை வேறொன்றைப் போடத் தொடங்கும். நாளைக்கு ஸ்னோ கொட்டலாம் என்று வானிலைக்காரி வாயெடுத்தாலே போதும், அருள்நாயகம் கம்பளித் தொப்பியோடு வெளியே இறங்கிவிடுவார். கையில் பனியை உருக்கும் உப்பு வாளி. ட்றைவ்வே முழுக்கக் கோழிக்குத் தீன் எறிவதுபோல விசிறி விசிறி எறிவார். ஒரு சுற்று முடிந்ததும் தள்ளி நின்று பார்ப்பார். வெறுமையாக ஓர் இடம் தெரிந்தால் மனம் கேளாது, இன்னொரு பிடி. உப்புக்குத் தட்டுப்பாடே இல்லை. பக்கத்து வீட்டு ஸுபைர் ஸ்னோ அள்ளும் கொம்பனி ஒன்றில் வேலை. மாரி முடிய மிஞ்சுகிற மூட்டைகளை அன்பாகக் கொண்டுவந்து இவர் கராஜில் அடுக்கிவிடுவார். கோடையில் இவர் பாவக்காய் கொடுப்பார். உப்புக்குக் காய், காய்க்கு உப்பு என்று அந்த உறவு இனிப்பாகவே நடந்துவந்தது.

உப்புப் போட்ட ஸ்னோவை ஷவலால் வழித்து எங்கே தள்ளுவார் என்கிறீர்கள்? வேறெங்கே, பாத்தி மேலேதான். "ஸ்னோ எண்டால் தண்ணிதானே, ஸுபைர்? உருகி நிலத்துக்கை இறங்கட்டுமன். ஏன் வீணாக்குவான்?" என்பார். மாசி மாதத்தில் அந்தக் குவியல் ஜன்னல் உயரத்துக்கு நிற்கும். மூட்டைக் கணக்கான உப்பு அதற்குள் அமைதியாக இளவேனிலுக்குக் காத்திருக்கும்.

ஏன் இவ்வளவு உப்பு என்று யாராவது கேட்டால், "போஸ்ற்மன் விழுந்து காலை முறிச்சால் கோட்டிலை சூ பண்ணிப்போடுவான்" என்பார். அந்தத் தெருவில் போஸ்ற்மன் ஒருவரும் விழுந்ததில்லை. விழுந்தது புனிதவதி. ஐந்து மாரிக்கு முன்னர், குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனவள் பளிங்குபோல உறைந்திருந்த இடத்தில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கம்பி வைத்து, ஊன்றுகோல் பிடித்து, மெல்ல மெல்ல எழும்பினாள். அருள்நாயகம் அதைப்பற்றி வாய் திறந்ததேயில்லை. ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கற்றாழை வளர்க்கும் விதம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த மறுநாள் தொடங்கியதுதான் இந்த உப்புத் திருவிழா. தன் இடுப்புக்காகத்தான் இது என்று புனிதவதிக்கு நன்றாகத் தெரியும். போதும், நிப்பாட்டுங்கோ என்று சொல்ல அவளுக்கு வாய் வராததும் அதனால்தான்.

இதில் இன்னொரு கூத்து. அருள்நாயகத்துக்குப் பிரஷர். உப்பைத் தொடவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புனிதவதி தனக்கென்று ஒளித்துவைத்திருக்கும் ஒரு சின்னப் போத்தலைத் தவிர வீட்டுக்குள் உப்பே இல்லை. உள்ளே ஒரு சிட்டிகைக்கு அவர் ஏங்கிச் சாகிறார், வாசலிலோ வாளிவாளியாகக் கொட்டிக்கிடக்கிறது.

மூன்று கோடையாகத் தோட்டம் தேய்ந்துகொண்டு வந்தது. இந்த வருசம் படுத்தேவிட்டது. மே மாதத்தில் வைத்த கண்டுகள் ஆடி மாதத்திலும் வைத்த உயரத்திலேயே நின்றன. இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. காய்த்த நாலு தக்காளிக்கும் அடிப்பக்கம் அழுகியது. தண்ணீர் விட்டு அரைமணி நேரத்தில் செடி வாடித் தலையைத் தொங்கப்போட்டது. வெயில் ஏறியதும் மண் வெடித்து, மேலே வெள்ளையாக ஒரு படை பூத்தது.

"பாத்தீரே, பசளை மேலை வந்து நிக்குது!" என்று அந்த வெள்ளையைக் காட்டிப் புளகாங்கிதப்பட்டார் அருள்நாயகம். கருகிய இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பொட்டாஷ் காணாது" என்றார். சும்மா சொல்லக்கூடாது, இலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் சரி. இலைக்குள் பொட்டாஷ் இல்லைத்தான். ஆனால் மண்ணுக்குள் அது போதாமலா கிடந்தது? அவர் இன்னும் ஒரு பை வாங்கிவந்து கொட்டினார். பசளையும் ஒரு வகை உப்புத்தானே. செடி இன்னும் கொஞ்சம் சுருங்கியது. அவர் இன்னும் கொஞ்சம் கொட்டினார்.

இப்படியிருக்கையில்தான் ராகுலனின் அழைப்பு வந்தது. ராகுலன் யூரியூப்பில் தமிழ்ச் சனல் ஒன்று நடத்துகிறான். கமராவும் அவனே, கேள்வி கேட்பவனும் அவனே. ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் 'தோட்டத்து அங்கிளின் தோட்டம்' என்று படம் எடுக்க வருகிறானாம். மண் ஆராய்ச்சி செய்கிற சாம்பவி என்ற பிள்ளையும் கூட வருகிறாளாம். அருள்நாயகம் யோசிக்கவே இல்லை. "வாரும், வாரும், பந்தலுக்குக் கீழையே வைச்சு எடுப்பம்" என்று அந்தக் கணமே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு வானொலியிலும் அறிவித்தார். கோயிலிலும் சொன்னார். பல்லுக் கட்டப் போன இடத்தில் டென்ரிஸ்ற்றிடமும் சொன்னார்.

புனிதவதிக்கு நித்திரை போய்விட்டது. பந்தலில் கொடியா இருக்கிறது? பழைய கயிறு தொங்குவதுபோல நாலு தண்டு. ஊர் பார்க்கப்போகிறது, ஊர் சிரிக்கப்போகிறது. சிரித்தால் அவர் மறுபடி பேஸ்மென்ற்றுக்கு இறங்கிவிடுவார். அந்தச் சோபாவைத் தூக்கி எறியாமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு மத்தியானம் கடையில் வாங்கிய பாவக்காயை வட்டமாக வெட்டி, கைப்புப் போவதற்கு அந்த ஒளித்துவைத்த உப்பைப் பிரட்டி வைத்தாள். சற்று நேரத்தில் காய் வாடித் துவண்டு, கோப்பையில் தண்ணீர் நின்றது. பிறந்த நாள் முதலாகப் பார்க்கிற காட்சி. ஆனால் அன்றைக்கு அவள் கோப்பையைப் பார்த்தாள், ஜன்னலால் பந்தலைப் பார்த்தாள், மறுபடியும் கோப்பையைப் பார்த்தாள். வெளியே போய் பாத்தியின் வெள்ளைப் படையில் விரல் வைத்து நாக்கில் தொட்டுத் துப்பினாள்.

"இஞ்சாருங்கோ, பாவக்காய்க்கு உப்புப் பிரட்டினால் தண்ணியை விடுதெல்லே?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"மண்ணிலை உப்பிருந்தால் வேருக்கும் அதுதானே நடக்கும்? தண்ணி குடிக்க ஏலாமல் கிடக்கும். தண்ணி குடிக்காட்டில் நீங்கள் போடுற பசளை என்னெண்டு உள்ளை போறது?"

அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "உது கறி, புனிதம். இது விவசாயம். ரண்டையும் போட்டுக் குழப்பாதையும்." அவர் குரலில் வானொலி ஏறியிருந்தது. ஆனால் அன்று பின்னேரம் பசளை போடுவதற்கு அவர் வெளியே போகவில்லை. விசயம் விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விளங்கினாலும் ஒத்துக்கொள்ளமாட்டாரே, மனிசன்!

படம் எடுக்க வருவதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மாலை, கடைக்குப் போய்வந்தார். குசினி மேசையில் ஒரு பை நிறையப் பாவக்காயை வைத்தார். அதற்குப் பக்கத்தில், கோயிலுக்குப் பூக் கட்ட அவள் வைத்திருக்கும் வெள்ளை நூல்கட்டையை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வைத்தார். "கறி வைச்சுப்போடாதையும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார்.

புனிதவதிக்கு வந்த கோபத்தில் அந்தப் பையைத் தூக்கிக் குப்பையில் போடலாம்போல இருந்தது. வாயால் கேட்கக்கூட அவருக்கு வெட்கம், என்னிடம் செய்விக்க மட்டும் வெட்கமில்லையா? கொஞ்ச நேரம் மேசையடியில் நின்றாள். பிறகு அந்தச் சோபா நினைவுக்கு வந்தது. பொழுது விடிந்ததிலிருந்து, இடுப்பு வலிக்க வலிக்க, கதிரையில் ஏறி நின்று ஒவ்வொரு காயாகப் பந்தலில் கட்டினாள்.

கட்டினாள் சரி, கை பூமாலை கட்டிப் பழகிய கை அல்லவா? சாண் இடைவெளிக்கு ஒரு காய், எல்லாக் காய்க்கும் ஒரே உயரம், நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் போகப்போகச் சிறியது. இறங்கிப் பார்த்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. கல்யாண வீட்டுத் தோரணம்போலக் கிடந்தது. மாற்றிக் கட்ட நேரமில்லை, தெருவில் கார் வந்து நின்றுவிட்டது.

"அடேங்கப்பா! என்ன அங்கிள், சொல்லிவைச்ச மாதிரி வரிசையாக் காய்ச்சிருக்கு!" என்றான் ராகுலன், கமராவைத் தோளில் வைத்தபடி.

"எல்லாம் பராமரிப்புத்தான், தம்பி." அருள்நாயகம் நீலச் சேர்ட்டில் மாப்பிள்ளைபோல நின்றார். ஸுபைர் வேலிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

சாம்பவி மெலிந்த பிள்ளை. கனடாவில் பிறந்தவள். அவள் காய்களை ஒருமுறை பார்த்தாள், இலைகளைக் கனநேரம் பார்த்தாள். பிறகு குந்தி, மண்ணில் ஒரு கரண்டி எடுத்துப் போத்தல் தண்ணீரில் கலக்கி, பேனைபோல ஒரு மீற்றரை அதற்குள் விட்டாள். எண்கள் ஓடி ஓடி ஏறின. "ஓ மை கோட்" என்றாள்.

"பசளை காணாது, என்ன?" என்றார் அருள்நாயகம், வாய்ப் பழக்கத்தில்.

"இல்லை அங்கிள். பசளை ரூ மச், கூடிப்போச்சு. அது இல்லை ப்றொப்ளம்." அவள் தமிழைத் தேடித் தேடி எடுத்தாள். "மண்ணிலை சோல்ட், உப்பு, கனக்க இருக்கு. சோல்ட் தண்ணியை ஹோல்ட் பண்ணும், சோ வேருக்குத் தண்ணி எடுக்கிறது ஹார்ட். மற்றது, வேரிலை பொட்டாசியம் உள்ளை போறதுக்கு ஒரு டோர் மாதிரி இருக்கு. சோடியம் கிட்டத்தட்ட அதே மாதிரி. அது கூட்டமா வந்து டோரை ப்ளொக் பண்ணும். கல்சியத்துக்கும் இடம் இல்லை, அதுதான் தக்காளி அடி அழுகுது. சாப்பாடெல்லாம் முன்னாலை இருக்கு அங்கிள். செடிக்குச் சாப்பிட ஏலாது. நீங்கள் திருப்பித் திருப்பிப் பசளை போட்டா, அதுவும் சோல்ட், இன்னும் வேர்ஸ்."

அருள்நாயகம் கண்ணை மூடவில்லை. "ம்" என்றும் சொல்லவில்லை. "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டது புனிதவதிதான்.

"நிறையத் தண்ணி விட்டுக் கழுவ வேணும் அன்ரி. ஜிப்சம் போடலாம். வின்ரர்லை சோல்ட் போட்ட ஸ்னோவை இஞ்சை தள்ளக் கூடாது. ட்றைவ்வேக்கு மணல் காணும்." சாம்பவி எழும்பிக் கையைத் தட்டினாள். "பட் ஒண்டு எனக்கு விளங்கேல்லை. இவ்வளவு சோல்ட்டிலை இந்தக் காய் மட்டும் எப்பிடி..." என்றபடி, நடுவில் தொங்கிய பெரிய காயைக் கமராவுக்குக் காட்டலாம் என்று மெல்லத் தொட்டு இழுத்தாள்.

காய் அவள் கையோடு வந்தது. ஒரு முழ வெள்ளை நூலும் கூடவே வந்தது.

சாம்பவி அந்த நூலைப் பார்த்தாள், மற்றக் காய்களைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. ஏதோ தான்தான் களவெடுத்தவள்போல, காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. அருள்நாயகம் பேந்தப் பேந்த முழித்தார்.

புனிதவதி முன்னுக்கு வந்து கமராவையே பார்த்துச் சொன்னாள். "அது நான் கட்டினனான், பிள்ளை. சும்மா வடிவுக்கு. அவருக்கு ஒண்டும் தெரியாது. அவர் பாவம்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸுபைரும் குரல் கொடுத்தார். "உப்பு நான் குடுத்தது, தங்கச்சி. அண்ணை வேண்டாம் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நான்தான் கொண்டுவந்து இறக்கினனான்." அண்ணை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னவரில்லை. ஸுபைர் பச்சைப் பொய் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"அங்கிள், ஒண்டும் பிரச்சினை இல்லை," ராகுலன் கமராவைத் தோளிலிருந்து இறக்கப்போனான். "இதை அப்பிடியே வெட்டி விடலாம். இலையை மட்டும் காட்டி முடிப்பம்."

ஆக, காய் மனைவியின் தலையில் போயிற்று. உப்பு பக்கத்து வீட்டுக்காரர் தலையில் போயிற்று. மிஞ்சியதை ராகுலன் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவான். தோட்டத்து அங்கிளின் பெயரில் ஒரு தூசிகூட ஒட்டப்போவதில்லை. அவர் செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான். புனிதவதி அவரைப் பார்த்தாள். நில்லுங்கோ, சும்மா நில்லுங்கோ என்று மனத்துக்குள் மன்றாடினாள். அதேநேரம், இந்த மனிசன் சும்மா நின்றுவிட்டால் இவரோடு இனி எப்படி ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மைதான்.

அருள்நாயகம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கமராவை நிப்பாட்டாதையும்."

அவர் கதிரையை இழுத்துப் பந்தலுக்குக் கீழே போட்டு ஏறினார். வாசிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் காயைப் பிடித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். புனிதவதி போட்ட முடிச்சு அப்படி லேசில் அவிழாது. நகத்தால் நெம்பினார், முடியவில்லை. முகத்தை நிமிர்த்தி, கமராவுக்கு நேராக வாயைத் திறந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். காயைத் திரும்பிப் பாராமலே பின்பக்கமாக அவளிடம் நீட்டிவிட்டு, அடுத்த காய்க்குக் கழுத்தை எக்கினார்.